கரும்பலகையில் எழுதாத பெயர்

என் கையெழுத்து அழகாக இருக்கும். வேலையில் நான் செய்த மிகப் பெரிய தவறு அந்தக் கையெழுத்திலிருந்துதான் ஆரம்பித்தது என்பதால் அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நீங்களெல்லாம் ஏகபோகத் தடுப்பு, நுகர்வோர் பாதுகாப்பு என்று சட்டங்களைக் கரைத்துக் குடித்துவிட்டு வேலைக்கு வருகிறீர்கள். சந்தோஷம். அறுபதுகளின் தொடக்கத்தில் திண்டுக்கல்லில் நான் பார்த்த வேலைக்கு இந்தப் பெரிய பெயரெல்லாம் கிடையாது. சுற்றுவட்டாரத்து விவசாயிகள் நிலக்கடலையைக் கொண்டுவந்து விற்கும் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்கு நான் கண்காணிப்பாளர். ஒரு விதிப்புத்தகம், ஒரு தராசு, சீட்டு போடுகிற ஒரு மரப்பெட்டி, அதற்கு ஒரு பூட்டு. இவ்வளவுதான் என் ஆயுதம். ஆனால் எனக்கு எதிரே நின்றவர்கள் யாரோ, அவர்களேதான் நாளைக்கு உங்கள் எதிரிலும் வந்து உட்காரப்போகிறார்கள். வேட்டிக்குப் பதிலாகக் கால்சட்டை போட்டிருப்பார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

விற்பனைக்கூடம் வருவதற்கு முன்னால் கடலை விற்ற விதத்தைச் சொல்லிவிடுகிறேன். தரகர் தோளில் கிடக்கும் துண்டை எடுத்துத் தன் கைமேல் போடுவார். துண்டுக்கு அடியில் வியாபாரியின் விரலைப் பிடிப்பார். எத்தனை விரல், எந்தக் கணு என்பதில் விலை இருக்கும். அப்புறம் அடுத்த வியாபாரியின் விரல். கடைசியில் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, விற்பவனிடம் ஒரு விலையைச் சொல்வார். துண்டுக்குள் நடந்தது என்ன என்று விற்பவனுக்குத் தெரியாது. அய்யலூர் ஆட்டுச் சந்தையில் இந்த வித்தையை வாய் பிளந்து பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். பார்க்க ரசமாகத்தான் இருக்கும். ஆடு நம்முடையதாக இல்லாத வரைக்கும்.

அந்தத் துண்டை ஒழிக்கத்தான் நாங்கள் பெட்டியைக் கொண்டுவந்தோம். ஒவ்வொரு விவசாயியின் சரக்கும் தனித்தனிக் குவியலாகக் களத்தில் கிடக்கும். ஒவ்வொரு குவியலுக்கும் ஓர் எண். அதை லாட்டு என்போம். உரிமம் பெற்ற வியாபாரிகள் சரக்கைப் பார்த்து, தங்கள் பெயர், லாட்டு எண், கொடுக்கும் விலை மூன்றையும் சீட்டில் எழுதி மடித்துப் பெட்டியில் போட வேண்டும். குறித்த நேரத்தில் எல்லோர் முன்னிலையிலும் பெட்டியைத் திறப்போம். அதிக விலை எழுதியவருக்குச் சரக்கு. விலை பிடிக்காவிட்டால் விவசாயி விற்க வேண்டியதில்லை. பெட்டிக்கு இரண்டு சாவிப் பூட்டு. எங்கள் ஊரில் பூட்டுக்கா பஞ்சம்? செய்தவரே வந்து, இதை உடைப்பதற்குப் பதில் பெட்டியை உடைப்பது சுலபம் என்று பெருமையாகச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனார்.

இத்தோடு நான் நின்றிருக்கலாம். நிற்கவில்லை. துண்டுக்குள் மறைத்ததையெல்லாம் வெளிச்சத்துக்குக் கொண்டுவருகிறேன் என்று ஒரு கரும்பலகையை வாசல் சுவரில் மாட்டினேன். பெட்டி திறந்ததும் ஒவ்வொரு லாட்டுக்கும் யார் யார் என்ன விலை கேட்டார்கள் என்று பெயரோடு எழுதிப்போடுவேன். விதியில் அப்படி இல்லை. விலையை அறிவித்தால் போதும் என்றுதான் இருந்தது. பெயர்கள் என் சொந்தச் சரக்கு. செம்பட்டிப் பக்கம் போகிற பஸ்ஸில் இருப்பவர்கள்கூடத் தலையை நீட்டிப் படிப்பார்கள். எனக்கு அப்போது இருபத்தெட்டு வயது. பஸ் போகிற நேரம் பார்த்து எழுதியிருக்கிறேன் என்று இப்போது ஒப்புக்கொள்வதில் வெட்கம் இல்லை.

என் பலகையை முதலில் பாராட்டியவர் பெரிய எண்ணெய் மில்லின் ஏஜெண்ட். ஊரில் பெரிய மில் என்று அது ஒன்றுதான். கமிஷன் வியாபாரிகள் எட்டுப் பேர் எங்களிடம் உரிமம் வாங்கியிருந்தார்கள். எட்டுப் பேரும் எங்கே வாங்கினாலும் கடைசியில் சரக்கு அந்த மில்லுக்குத்தான் போகும். ஏஜெண்ட் நெற்றியில் சந்தனப் பொட்டும் வாயில் சர்க்கரையுமாக இருப்பார். நான் எழுதுவதை நின்று பார்த்துவிட்டு, "முத்து முத்தா இருக்கு சார். இம்புட்டு வெளிப்படையா எந்த ஆபீசும் நடக்கல" என்றார். அடுத்த வாரம் மில் சார்பில் இரண்டு மடங்கு பெரிய கரும்பலகை ஒன்றும் ஒரு பெட்டி சாக்கட்டியும் நன்கொடையாக வந்தன. நான் நன்றிக் கடிதம் எழுதினேன், அதே முத்து முத்தான கையெழுத்தில்.

இளைஞர்களே, இதை மட்டும் அடிக்கோடிட்டு வைத்துக்கொள்ளுங்கள். யாரைக் கட்டுப்படுத்த ஒரு விதியைப் போட்டீர்களோ அவர் வந்து அந்த விதியைப் புகழ்ந்தால், அன்று மதியச் சாப்பாட்டுக்குப் போகாமல் உட்கார்ந்து அந்த விதியை மறுபடி படியுங்கள்.

எட்டுப் பேர் போக ஒன்பதாவதாக உரிமம் வாங்கிய ஒருவர் இருந்தார். பேகம்பூரில் மாட்டுச் செக்கு வைத்து எண்ணெய் ஆட்டுகிறவர். இரண்டே செக்கு. செக்குக்கார பாய் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம், நானும் இங்கே அப்படியே சொல்லிக்கொண்டு போகிறேன். அவருடைய எண்ணெயை அவரே தெருத் தெருவாக வாடிக்கைக்கு ஊற்றுவார். மில்லின் தயவு அவருக்கு வேண்டியதில்லை. கடலையைக் கையில் உருட்டிப் பார்த்து, தோட்டை உடைத்து, பருப்பை வாயில் போட்டு மென்று, அதற்கு என்ன பெறுமோ அதை எழுதுவார். அவர் சீட்டு விழுந்த லாட்டில் விலை மேலே நிற்கும். அவருக்குத் தேவையானது கொஞ்சம்தான். ஆனாலும் அவர் எந்த லாட்டுக்குப் போடுவார் என்று தெரியாததால் மற்ற எட்டுப் பேரும் எல்லா லாட்டுக்கும் கொஞ்சம் ஏற்றித்தான் எழுத வேண்டியிருந்தது. ஒரே ஒரு மனிதரால் களம் முழுவதும் விலை நிமிர்ந்து நின்றதை நான் பார்த்திருக்கிறேன். அப்போது அதன் அருமை தெரியவில்லை.

அந்த அறுவடைக் காலத்தின் நடுவில் பாயின் சீட்டுகள் தணிய ஆரம்பித்தன. முதலில் மற்றவர்கள் அளவுக்கு வந்தன. அப்புறம் அதற்கும் கீழே. கடைசியில் ஒப்புக்கு ஒன்றிரண்டு. எல்லா லாட்டும் ஒரே விலைக்குப் போயின. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. ஒரு நாள் பெட்டியைத் திறந்து சீட்டுகளைப் பார்த்ததும், களத்தில் அத்தனை பேர் நிற்க, சத்தமாகக் கேட்டுவிட்டேன்.

"என்ன பாய், நீங்களும் அவங்களோட சேந்துட்டீங்களா? எவ்வளவுக்கு?"

அவர் முகம் சிறுத்துப்போயிற்று. தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு வாசல் பக்கம் கை காட்டினார்.

"சார், நீங்க எழுதுறது ரொம்ப நல்லாருக்கு. தூரத்துல இருந்தே படிச்சுர்றாங்க."

இவ்வளவுதான் சொன்னார். புகழ்ந்து பேச்சை மாற்றுகிறார் என்று நினைத்து நான் இன்னும் கோபப்பட்டேன். நேர்மையான ஒரு மனிதரை நாலு பேர் நடுவில் திருடன் என்று சொன்ன பாவம் அந்த நாளில் எனக்குச் சேர்ந்தது.

என் கண்ணைத் திறந்தவர் சேவுகம்பட்டியிலிருந்து கடலை கொண்டுவந்த வெள்ளையம்மாள் என்கிற பெண். மானாவாரிக் காடு வைத்துத் தானே பாடுபடுகிறவர். முதல் தடவை அவர் சரக்குக்குப் பாய் சீட்டுப் போட்டு நல்ல விலை கிடைத்திருந்தது. பின்னால் பறித்த காட்டுக் கடலையைக் கொண்டுவந்த நாளில் விலை விழுந்துவிட்டது. விற்க மாட்டேன் என்று சொல்லி மூட்டையைக் கட்டிவிட்டு நேராக என் மேசைக்கு வந்தார்.

"அந்தப் பாயி ஏன் சீட்டு போடல?"

"அவர் இஷ்டம்மா. நான் என்ன செய்ய?"

"நீங்க என்ன செய்யவா? செய்யிறதெல்லாம் நீங்கதான. எங் கொழுந்தன் வண்டிப்பேட்டையில வண்டி ஓட்டுறான். பலகையில பாயி பேரு மேல வந்துச்சுன்னா, சாயங்காலமே மில்லுக்காரன் ஆளு அங்க வந்துர்றான். பாயி மூட்டைய எவனும் ஏத்தாதீங்க, ஏத்துனா மில்லு வாடகை கெடையாதுன்னு சொல்றான். சாக்குக் கடையிலயும் அப்புடித்தான். புண்ணாக்கு வாங்குறவன்ட்டயும் அப்புடித்தான். யாரு கூடக் கேட்டாங்கன்னு நீங்க எழுதிப் போடாட்டி அவங்களுக்கு எப்புடித் தெரியும்? எனக்கு வெலை தெரிஞ்சாப் போதும். வாங்குனவன் பேர எனக்கா எழுதுறீங்க?"

எழுந்து வாசலுக்குப் போனேன். ஏஜெண்டின் குமாஸ்தா ஒருவர் தினமும் என் பலகையைப் பார்த்து ஒரு சின்ன நோட்டில் குறித்துக்கொள்வார். விலை குறிக்கிறார் என்று நினைத்து, வெயிலில் நிற்கிறாரே என்று அவருக்கு நாற்காலிகூடப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். அன்று பின்னால் நின்று எட்டிப் பார்த்தேன். நோட்டில் விலை இல்லை. பெயர்கள்தான் இருந்தன.

கூட்டுச் சேர்ந்து விலையை அமுக்குகிறவர்களுக்கு இருக்கிற பெரிய கவலை என்ன தெரியுமா? நாம் அல்ல. அவர்களுக்குள்ளேயே ஒருவன் ஆசைப்பட்டு ஏற்றிக் கேட்டுவிடுவானோ என்பதுதான். எவன் மீறினான் என்று தெரிந்தால்தானே தண்டிக்க முடியும்? அதைக் கண்டுபிடிக்கிற வேலையை அவர்களுக்காக நான் செய்துகொண்டிருந்தேன், அரசாங்கச் சம்பளத்தில், அவர்கள் கொடுத்த பலகையில், அவர்கள் கொடுத்த சாக்கட்டியால். இரண்டு சாவிப் பூட்டைப் போட்டுப் பெட்டியைக் காத்தேன். ரகசியம் வாசல் சுவரில் தொங்கியது.

அன்றே பேகம்பூருக்குச் சைக்கிளை மிதித்தேன். பாயின் கொட்டகையில் ஒரு செக்கு நின்றுபோயிருந்தது. உலக்கையில் ஈரமே இல்லை. மற்ற செக்கில் மாடு சுற்றிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் சாக்கை உதறி விரித்து, "உக்காருங்க சார்" என்றார். நான் உட்காரவில்லை. நின்றபடியே மன்னிப்புக் கேட்டேன். களத்தில் நான் பேசியதற்கும் பலகைக்கும் சேர்த்து.

"நீங்க தெரிஞ்சா செஞ்சீங்க? விடுங்க" என்றார். "இந்த மாசத்தோட நிறுத்திரலாம்னு இருக்கேன் சார். மச்சான் தோல் பதனிடுற ஷாப்புல இருக்காரு, வந்துருன்றாரு. மாட்டத்தான் என்ன செய்யுறதுன்னு தெரியல. எங்க அத்தா காலத்துல இருந்து இந்தச் சத்தம் கேக்காம நாங்க ஒருநாளும் சோறு தின்னதில்ல."

"நாளையிலேருந்து பேர் எழுதமாட்டேன். மறுபடி சீட்டு போடுவீங்களா?"

அவர் மாட்டின் முதுகைத் தட்டிக்கொடுத்தார். "போடுறேன். ஆனா சார், எட்டுப் பேரும் ஒரே வெலை எழுதயில கூட எழுதுனவன் யாருன்னு கண்டுபிடிக்கப் பேரு எதுக்கு? வெலையே என் பேருதான."

திரும்பி வரும் வழியெல்லாம் அந்தக் கேள்விதான். பெயரை அழிப்பது சுலபம். ஒரு மனிதரைக் கூட்டத்துக்குள் மறைத்து வைப்பதற்குக் கூட்டம் வேண்டுமே.

அடுத்த சந்தை நாள் பலகையில் விலை மட்டும் வரும், பெயர் வராது என்று காலையிலேயே அறிவிப்பு ஒட்டினேன். களத்தில் இருபத்து மூன்று லாட்டு. வெள்ளையம்மாளின் கடலை பதினேழாவது. வானம் கருக்கிட்டுக் கிடந்தது. பறித்துக் காயவைத்த கடலை ஒரு மழை நனைந்தால் கறுத்துப்போகும், எவனும் சீந்தமாட்டான். வியாபாரிகள் எட்டுப் பேரும் வந்தார்கள். சரக்கைப் பார்த்தார்கள். பிறகு வேப்பமரத்தடியில் போய்க் கைகட்டி நின்றுகொண்டார்கள். பெட்டி காலியாக இருந்தது.

ஏஜெண்ட் என் மேசைக்கு வந்து மெதுவாகப் பேசினார்.

"வெளிப்படையா இருக்கணும்னு சொன்னதே நீங்கதான சார். இப்ப மறைச்சா வியாபாரிங்க சந்தேகப்படுறாங்க. பழையபடி எழுதுங்க, இந்த நிமிசமே சீட்டு விழும். இல்லாட்டி அவங்கள நான் கட்டாயப்படுத்த முடியுமா? மதுரைக்கு ஃபோன் போட்டுச் சொல்லிட்டேன். மழை வேற வர்ற மாதிரி இருக்கு. பாவம், சனங்க."

என் சொல்லாலேயே என்னை அடித்தார். எனக்கு வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. மதுரையிலிருக்கும் மேலதிகாரி ஃபோனில் ஒரு வார்த்தை கேட்டால் பதில் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. விவசாயிகளும் என்னைத்தான் திட்ட ஆரம்பித்தார்கள். "பேர எழுதித் தொலைய வேண்டியதுதானய்யா, உனக்கென்ன நோகுது" என்று ஒரு பெரியவர் கத்தினார். அவரைக் குறை சொல்ல முடியாது. அவருடைய கடலை தரையில் கிடந்தது. நான் சாக்கட்டிப் பெட்டியைப் பார்த்தேன். உண்மையைச் சொல்கிறேன், கை அதன் பக்கம் போனது.

அப்போதுதான் பாய் வந்தார். வேப்பமரத்தைத் தாண்டிக் களத்தின் குறுக்கே நேராக நடந்தார். அத்தனை கண்களும் அவர்மேல் இருந்தன. பதினேழாவது லாட்டுக்குக் குனிந்தார். இரண்டு கடலையை உடைத்து மென்றார். சீட்டை எழுதி மடித்து, காலியாக இருந்த பெட்டிக்குள் போட்டார். அது உள்ளே விழுந்த சத்தம் எனக்குக் கேட்டது. ஏஜெண்டின் குமாஸ்தா நோட்டைத் திறந்து எழுதினார். அந்த ஒரு சீட்டோடு தன் செக்கின் கதை முடிந்தது என்று பாய்க்குத் தெரியும். தெரிந்துதான் போட்டார். முப்பத்தைந்து வருஷ வேலையில் நான் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன், அந்த நடையைப் போல் ஒன்றைப் பார்த்ததில்லை.

அந்தக் குமாஸ்தாவின் பென்சிலைப் பார்த்ததும் எனக்குப் புத்தி வந்தது.

பெட்டியைத் திறந்தேன். பாயின் சீட்டை வெளியே எடுத்தேன். பிரிக்காமலே அவர் கையில் திருப்பிக் கொடுத்தேன்.

"இது செல்லாது பாய்."

அவர் என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. வெள்ளையம்மாள் தலையில் அடித்துக்கொண்டு, "நல்லாருப்பீங்களா நீங்க!" என்றார். ஏஜெண்ட் புன்னகை செய்தார்.

நான் சத்தம் போட்டுச் சொன்னேன். "சீட்டு ரகசியமாப் போடணும்னு விதி. ஊரே பாக்க ஒருத்தர் மட்டும் போட்டா அது ரகசியம் இல்ல. அதனால காலையிலேருந்து நடந்தது செல்லாது. மறுபடி ஆரம்பிக்கிறோம். பெட்டி குடோனுக்குள்ள இருக்கும். முன் கதவு வழியா ஒவ்வொருத்தரா உள்ள போய், இருபத்து மூணு லாட்டுக்கும் இருபத்து மூணு சீட்டு போட்டுட்டுப் பின் கதவு வழியா வரணும். வாங்க இஷ்டமில்லையா, வெத்துச் சீட்டு போடுங்க. அது உங்க உரிமை. ஆனா சீட்டே போடாதவங்க இன்னிக்குக் களத்துக்குள்ள நிக்க வேண்டாம். வாசலுக்கு வெளிய போயிரலாம்."

ஏஜெண்டின் புன்னகை கொஞ்சம் தடுமாறியது. "விதியில எங்க சார் இருக்கு வெத்துச் சீட்டு?"

"கூடாதுன்னு எங்க இருக்கு?" என்றேன்.

வெளியே போய்விட்டால் களத்தில் நடப்பதைப் பார்க்க முடியாது. அது அவர்களுக்குக் கட்டுப்படியாகாது. அதனால் எட்டுப் பேரும் உள்ளே போக ஒப்புக்கொண்டார்கள். எல்லோரும் வெற்றுச் சீட்டுதான் என்று வேப்பமரத்தடியில் பேசிவைத்துக்கொண்டதை நானே கேட்டேன். அலுவலக முத்திரை குத்திய சீட்டுகளைக் கட்டுக் கட்டாகக் கொடுத்தோம். சீட்டில் பெயர் கிடையாது, அதற்குப் பதில் உரிம எண். யாருக்கு எந்த எண் என்பது என் மேசை இழுப்பறையில் இருந்தது. ஒவ்வொருவராக உள்ளே போனார்கள், வந்தார்கள். பாய் ஆறாவதாகப் போனார். என்னைப் பார்க்காமலே போனார்.

பெட்டியைத் திறந்து கொட்டினோம். பெரும்பாலும் வெற்றுச் சீட்டுகள்தான். வெள்ளை வெள்ளையாக விழ விழ ஏஜெண்டின் முகம் தெளிந்தது. அப்புறம் விலை எழுதிய சீட்டு ஒன்று வந்தது. இன்னொன்று. இன்னும் ஒன்று. நான் எண்களைப் பார்த்தேன். பாயின் எண் இருந்தது. அதோடு வேறு மூன்று எண்களும் இருந்தன! எட்டுப் பேரில் மூன்று பேர், மற்றவன் எல்லாம் வெற்றுச் சீட்டுதானே போடுகிறான், நாம் மட்டும் சத்தமில்லாமல் நல்ல சரக்கை அள்ளிவிடலாம் என்று தனித்தனியாக நினைத்திருக்கிறார்கள். பாயை மிஞ்ச வேண்டும் என்று பல லாட்டுக்கு அவர் வழக்கமாகப் போடும் விலைக்கும் மேலே எழுதியிருக்கிறார்கள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. இருமுவதுபோல் நடித்தேன்.

விலைகளைப் பலகையில் எழுதினேன். லாட்டு எண், விலை, அவ்வளவுதான். களம் கலகலவென்றாயிற்று. வேப்பமரத்தடியில் எட்டுப் பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். விலை எழுதியது நான் இல்லை என்று எல்லோரும் சத்தியம் செய்தார்கள். குமாஸ்தா பென்சிலோடு நின்றார், எழுத ஒன்றுமில்லை.

சரக்கை எடுப்பதற்கும் ஒரு வழி செய்தேன். வாங்கியவருக்கு அறைக்குள் தனியாக எண் பொறித்த ஒரு தகர வில்லை கொடுத்தோம். வில்லையைக் கொண்டுவருகிற வண்டி எதுவானாலும் மூட்டை ஏறும். வண்டிக்காரர்களுக்கு வில்லை எண்தான் தெரியும். தாங்கள் ஏற்றுவது யாருடைய மூட்டை என்று தெரியாதபோது, யாருடைய மூட்டையை ஏற்றாமல் விடுவது? அப்படியும் நாள்பட விசாரித்துத் தெரிந்துகொண்டிருப்பார்கள். ஆனால் அதற்குள் மீறியவர் ஒருவர் இல்லை, நான்கு பேர் ஆகிவிட்டார்கள். ஒருவரை ஒதுக்கிவைக்கலாம். நான்கு பேரை ஒதுக்கினால் மில்லுக்குக் கடலை யார் கொண்டுவருவது?

மதுரையிலிருந்து சாயங்காலம் ஃபோன் வந்தது. என்ன தகராறு என்றார் மேலதிகாரி. தகராறு இல்லை, எல்லா லாட்டும் விற்றுவிட்டது என்றேன். விலை என்ன என்றார். சொன்னேன். பிறகு, "அப்படியே நடத்து" என்று வைத்துவிட்டார். பெரிய மனிதர், ஒரு கேள்விகூட மேலே கேட்கவில்லை. மழை அன்று வரவே இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். பயமுறுத்திவிட்டுப் போய்விட்டது.

வெள்ளையம்மாள் போகும்போது என் மேசைக்கு முன்னால் நின்றார். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. "காலையில வஞ்சுட்டேன். அதுக்கென்ன, நல்லாத்தான் இருப்பீங்க போங்க" என்று சொல்லிவிட்டு இரண்டு கை கடலையை மேசைமேல் போட்டுவிட்டுப் போனார். விவசாயியிடம் எதையும் வாங்கக் கூடாது என்பது விதி. அதைத் தின்றேன். நீங்கள் தின்னாதீர்கள்.

கடைசியாகப் பாய் வந்தார். ஐந்து லாட்டு அவருக்குக் கிடைத்திருந்தது. நின்றுபோன செக்கும் சேர்ந்து ஓடுவதற்கு அது போதும். ஆனால் பதினேழாவது லாட்டு அவருக்குக் கிடைக்கவில்லை. எட்டுப் பேரில் ஒருவர் அவரைவிட ஏற்றி எழுதி அதைத் தட்டிக்கொண்டு போய்விட்டார். அதைச் சொன்னதும் பாய் வாய்விட்டுச் சிரித்தார். "அந்தக் கடலைக்கு அம்புட்டுப் பெறாது சார். நல்லா மாட்டுனான்."

சட்டைப் பையிலிருந்து காலையில் நான் திருப்பிக் கொடுத்த சீட்டை எடுத்தார். கைப்பட்டு நைந்திருந்தது.

"சார், ஒண்ணு கேக்கலாமா? இத்தன நாளா எம் பேர எழுதுனீங்க, வேணாம் வேணாம்னு மனசுக்குள்ள கெஞ்சிக்கிட்டிருந்தேன். இன்னிக்கு ஒரு நாளு எழுதுங்களேன். பதினேழு, முதச் சீட்டுன்னு. எம் பிள்ளைங்க பள்ளிக்கூடம் விட்டு இந்தப் பக்கந்தான் வருவாங்க. அத்தா பேரப் படிக்கட்டும்."

சாக்கட்டி என் கையில் இருந்தது. அன்று அந்தப் பெயரை எழுதுவதற்கு எனக்கு இருந்த ஆசை, அதற்கு முன்னும் பின்னும் எதையும் எழுத இருந்ததில்லை. ஆனால் காலையில் நான் சொன்ன வார்த்தை பலகைக்குப் பக்கத்திலேயே ஒட்டியிருந்தது. இன்று பாய்க்காக எழுதினால் நாளைக்கு ஏஜெண்ட் வந்து, தனக்காக ஒரு பெயரை எழுதச் சொல்வார். அப்போது நான் என்ன சொல்ல?

"முடியாது பாய்" என்றேன். என் கண் கலங்கியதை அவர் பார்த்துவிட்டார்.

"அதுவும் சரிதான்" என்றார். சீட்டை என் மேசைமேல் வைத்துவிட்டுச் செக்குக்குப் போய்விட்டார்.

அந்த மில் அதோடு ஒழிந்துபோனது என்று நினைக்காதீர்கள். மறுவருஷம் வேறு தந்திரத்தோடு வந்தார்கள், நாங்களும் வேறு பூட்டைத் தேடினோம். உங்கள் வேலையும் அப்படித்தான் இருக்கும். ஆனால் பேகம்பூரில் இரண்டு செக்கும் நான் மாற்றலாகிப் போகும்வரை சுற்றிக்கொண்டிருந்தன. பலகையில் அதன்பிறகு நான் யார் பெயரையும் எழுதவில்லை. பாய் இறந்து பல வருஷமாகிவிட்டது. எட்டுப் பேரும் இல்லை, ஏஜெண்டும் இல்லை. விற்பனைக்கூடமே இடம் மாறிவிட்டது. இனி அந்தப் பெயரால் யாருக்கும் கெடுதல் வராது. கை இப்போது கொஞ்சம் நடுங்குகிறது, எழுத்து பழையபடி வராது. பரவாயில்லை.

லாட்டு எண் பதினேழு. முதல் சீட்டு: சிக்கந்தர் ராவுத்தர், பேகம்பூர்.